ரஃபத் டீச்சர் பேசாத பத்து நாள்

ரஃபத் டீச்சரின் தொண்டையில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது. இருபத்தோரு வருடமாக நாலாம் வகுப்புக்குக் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் வந்தது என்றார் வேலூர் டாக்டர். வீட்டில் பேசிய பேச்சில் வந்தது என்பது மகன் ஹஸனின் கணிப்பு. டாக்டர் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அதனால் ஹஸன் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றும் புதிதல்ல.

ஆம்பூரில் அவர்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவள் இரம் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். அப்பா சத்தார் ஒரு டேனரியில் செலக்‌ஷன் மேஸ்திரி. பதமாகி வந்த தோலை மேஜைமேல் விரித்து, ஒரு தடவு தடவி, மூலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரத்துக்கு ஒரு எண் போடுகிற வேலை. ஒரு தோலுக்கு நாலு நொடி. ஆடு உயிரோடு இருந்த காலத்தில் எந்தப் பக்கம் முள்வேலியில் உரசியது, உண்ணி எங்கே கடித்தது என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. இருபத்திரண்டு வருடமாக அவரும் செலவழிக்கவில்லை.

அம்மா ரஃபத் ஜஹானுக்குப் பிறந்த ஊர் அரக்கோணம், தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். ஆம்பூருக்கு வாழ வந்த பிறகுதான் உருது பேசக் கற்றுக்கொண்டார். எழுத்துப் பக்கம் போகவில்லை. சத்தார் எட்டாவது வரை உருது மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் படிக்க வராது. பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் உருது தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்பது அவருடைய அப்பா போட்ட சட்டம். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. சட்டம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

ஆக, ஹஸன் அம்மாவிடம் தமிழ் பேசுவான், அப்பாவிடம் உருது பேசுவான். அப்பாவிடம் தான் ஒரு நாளைக்கு எவ்வளவு பேசுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தான். பதினேழு சொல். அதில் ஒன்பது, 'ஆமாங்க' என்பதற்கான 'ஜீ'.

மற்றதெல்லாம் அம்மா வழியாகத்தான். சாப்பாட்டு விரிப்பின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகன், நடுவே ஒன்றரை முழம் இடைவெளி. "அவனுக்குக் குழம்பு வேணுமா கேளு" என்பார் சத்தார். "போதும்னு சொல்லுங்கம்மா" என்பான் ஹஸன். அம்மா இரண்டையும் இரண்டு மொழியில் அங்கேயும் இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பார், ஒவ்வொன்றிலும் சூட்டைக் கொஞ்சம் ஆற்றி. 'அந்தக் கழுதை எப்ப எழுந்திருப்பான்' என்று கிளம்பியது 'அப்பா உன்ன தேடினாரு' என்று வந்து சேரும். எந்தத் திசை ரயிலும் நின்று போகிற அரக்கோணத்தில் பிறந்தவர் ஆயிற்றே.

(சத்தார் வீட்டுக்குள் பேசியதெல்லாம் உருது. இங்கே தமிழில் தரப்படுகிறது. அவர் பேசியதே கம்மி என்பதால் வேலை அதிகமில்லை.)

இந்த நேரத்தில்தான் ஹஸனுக்கு ஒரு சிக்கல். வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் லெதர் டெக்னாலஜி டிப்ளமோ, இரண்டாம் வருடம். அப்பாவின் ஆசை. டிப்ளமோ முடித்தவர்கள் ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சத்தார் போட்ட எண் சரியா என்று சரி பார்க்கிறார்கள். அந்த நாற்காலியில் தன் மகன் உட்கார வேண்டும் என்று சத்தார் ஊரில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். ஹஸனிடம் சொன்னதில்லை.

ஹஸன் இரண்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை.

வருகைப்பதிவு குறைந்துவிட்டது, வியாழக்கிழமை அப்பாவுடன் வராவிட்டால் இந்த செமஸ்டர் போச்சு என்று துறைத்தலைவர் பிரிசில்லா மேடம் கடிதம் அனுப்பியிருந்தார். ஹஸன் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் காட்டினான். அம்மா இரண்டு முறை படித்தார். முதுகில் ஒன்று வைத்தார். பிறகு வழக்கம்போல் வழி சொன்னார்.

"செவ்வாக்கிழமை என் ஆப்ரேஷன் முடியட்டும். அதுக்கப்புறம் உங்கப்பா கொஞ்ச நாளைக்கு சாந்தமா இருப்பாரு. நேரம் பாத்து நான் சொல்றேன். நீ நடுவுல வாயத் தொறக்காத."

ஹஸனுக்கு நிம்மதி. இருவரில் ஒருவருக்கும் ஒரு சின்ன விஷயம் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்து, டாக்டர் வெளியே வந்து சத்தாரிடமும் ஹஸனிடமும் அதைச் சொன்னார். முடிச்சை எடுத்தாயிற்று, பத்து நாளைக்குப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முதல் மெல்லப் பேசலாம்.

கல்லூரிக்குப் போக வேண்டியதும் அதே அடுத்த வாரம்தான், வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹஸன் விரல் விட்டு எண்ணினான். எத்தனை முறை எண்ணினாலும் வெள்ளி வியாழனுக்குப் பிறகுதான் வந்தது.

வீடு திரும்பிய முதல் நாள் ராத்திரி சாப்பாடு பள்ளிவாசல் அமைதியில் நடந்தது. சத்தார் "அவனுக்கு" என்று ஆரம்பித்தார், நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். ஹஸனுக்குக் குழம்பு வேண்டுமா என்பது அன்று யாருக்கும் தெரியாமலே போனது. அவனுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் இரம் பெங்களூரிலிருந்து போனில் ஒரு யோசனை சொன்னாள். அம்மா தமிழில் டைப் அடித்தால் செல்போனே அதை உருதுவாக மாற்றி வாசிக்கிற ஒரு ஆப் இருக்கிறது. ஹஸன் ஏற்றிக் கொடுத்தான். அம்மா, சத்தாருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பற்றி டைப் அடித்தார். போன் பேசியது. டெல்லிச் செய்தி வாசிப்பவளின் குரல், தேன் தடவிய உருது. அப்படி ஓர் உருதுவை ஆம்பூரின் அந்தச் சந்து கேட்டதே கிடையாது. சத்தார் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைத்தொப்பியைச் சரி செய்துகொண்டு, "ஜீ" என்றார். அவருக்குப் பாதிதான் புரிந்தது. போன் தொடர்ந்து பேசியது. அவர் இன்னும் இரண்டு 'ஜீ' சொன்னார். மாத்திரையை மட்டும் போடவில்லை. அந்தப் பெண்மணியை இனி வீட்டுக்குள் பேச விட வேண்டாம், தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த வழி துண்டுச்சீட்டு. அம்மா தமிழில் எழுதுவார். சத்தாருக்குப் படிக்க வராது. ஆகவே ஹஸன் அதைப் படித்து, உருதுவில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதால் அப்பாவின் பதில் நேராக அவருக்கே போய்விடும்.

இதில் எதிர்பாராத ஒன்று இருந்தது. நாலாம் வகுப்பு டீச்சருக்குப் பேச்சு எப்படி இருந்தாலும், பேனா பிடித்தால் பாடப்புத்தகம்தான் வரும். முதல் சீட்டு இது:

'தாங்கள் தங்களுடைய மாத்திரையை நேற்றும் உட்கொள்ளவில்லை. காரணம் கூறுக.'

ஹஸன் அதை வாங்கிப் படித்தான். அப்பாவைப் பார்த்து ஒரு முழு வாக்கியம் அவன் பேசியதில்லை. "நேத்து மாத்திரை ஏன் போடலன்னு அம்மா கேக்கறாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"மறந்துட்டேன்" என்றார் சத்தார், எதிர்ச் சுவரைப் பார்த்து.

அடுத்த சீட்டு: 'நினைவூட்டலுக்கு மூன்று வழிகளைப் பட்டியலிடுக.'

அதை ஹஸன் வாசிக்கவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து அவனுக்குத் தைரியம் வந்தது. அம்மா எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரிவது தான் சொல்வது மட்டும் என்கிற நிலவரத்தில் ஒரு வசதி இருப்பதைக் கண்டுகொண்டான். 'ஞாயிறன்று ஹஸனை மார்க்கெட்டுக்கு அழைத்துச் செல்லவும்' என்ற சீட்டு, 'ஞாயித்துக்கிழம ஹஸன் தூங்கட்டும், பாவம், ஜாஸ்தி படிக்கிறான்' என்று வந்து சேர்ந்தது. சமையலறைக்குள்ளிருந்து குக்கர் மூடியில் கரண்டியால் இரண்டு தட்டு விழுந்தது. டங், டங்.

சத்தார் மகனைப் பார்த்தார். மகன் சீட்டைப் பார்த்தான்.

"மார்க்கெட்டுக்கு வரச் சொல்றாங்க" என்றான்.

டங். ஒரே தட்டு.

அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. சரியாக மொழிபெயர்த்தால் ஒரு தட்டு, தப்பென்றால் இரண்டு. சத்தாருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அவருடைய டேனரியிலும் அவர் போடுகிற எண்ணை மேலே ஒருவர் சரி பார்க்கிறார். முதல் முறையாக வீட்டில் வேறொருவனைச் சரி பார்க்கிறார்கள்.

ஐந்தாம் நாள் சத்தார் சீட்டு எதுவும் வராமலே ஒன்று கேட்டார். "அவ கையெழுத்து நல்லா இருக்குமா?"

ஹஸன் சுற்றுமுற்றும் பார்த்தான். அறையில் வேறு யாருமில்லை. "அச்சு மாதிரி இருக்கும்பா" என்றான். சத்தார் தலையாட்டினார். இருபத்தைந்து வருடமாகத் தெரியாதிருந்த ஒரு விவரம் அவருக்குக் கிடைத்தது.

இதெல்லாம் ஒரு பக்கம் நடக்க, வியாழக்கிழமை தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இரமிடம் கேட்டுப் பார்த்தான். "நான் சொன்னா உனக்கு முன்னாடி எனக்குத் திட்டு விழும்" என்று அவள் போனை வைத்துவிட்டாள். தோஸ்த் முஜாஹிதிடம் போனான். முஜாஹிதுக்கு எந்தப் பிரச்சினைக்கும் ஒரு மாமா உண்டு.

"நாட்றம்பள்ளில சமீருல்லா மாமா இருக்காருடா. தாடி, தொப்பி, நல்ல களையான மூஞ்சி. அப்பாவா வந்து உக்காருவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. பிரியாணி வாங்கிக் குடுத்தா போதும்."

ஹஸனுக்குச் சபலம் தட்டியது. ஒரு வார்த்தை பேச மாட்டார் என்பதில் அவர் அசல் அப்பாவைப் போலவே இருந்தார். விசாரித்ததில், சமீருல்லா மாமா அதே துறையில் ஏற்கெனவே இரண்டு பையன்களுக்கு அப்பாவாக வந்து போயிருப்பது தெரிந்தது. இரண்டாம் முறை பிரிசில்லா மேடம் அவரிடம் மொத்தம் எத்தனை குழந்தைகள் என்று கேட்டாராம். மாமா அதற்குப் பிறகு வேலூர்ப் பக்கமே வருவதில்லையாம்.

செவ்வாய்க்கிழமை ஹஸன் அம்மாவிடம் மன்றாடினான். "நீங்களே ஒரு சீட்டுல எழுதிடுங்கம்மா. நான் படிச்சிடறேன். நீங்க சொன்ன மாதிரி ஆயிடும்." அம்மா அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில் 'நாளை மாலை' என்று எழுதிக் கொடுத்தார்.

ஹஸன் மனசுக்குள் கணக்குப் போட்டான். தன் குற்றப்பத்திரிகையைத் தானே வாசிப்பது மானக்கேடுதான். ஆனாலும் வார்த்தை அம்மாவுடையது. 'உணர்ச்சிவசப்பட வேண்டாம், பிள்ளை திருந்திவிட்டான்' என்று எப்படியும் ஒரு வரி இருக்கும். சூட்டை ஆற்றாமல் அம்மா எதையும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. அப்பா அடிக்கிற ஆள் இல்லை. அதுதான் பேஜார். அவர் நாலு நொடி பார்ப்பார். ஒரு எண் போடுவார். மூன்று என்று போட்டால் மூன்றுதான், போட்ட எண்ணை அவர் அழித்து ஹஸன் பார்த்ததில்லை. அந்த நாலு நொடியை எப்படியாவது தாண்டிவிட வேண்டும்.

புதன்கிழமை அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து சத்தார் வந்து உட்கார்ந்தார். அம்மா டீ வைத்தார். சமையலறை வாசலில் முக்காலி போட்டு, குக்கர் மூடியும் கரண்டியுமாக உட்கார்ந்துகொண்டார். நாலாக மடித்த ஒரு சீட்டை ஹஸனிடம் நீட்டினார்.

"இன்னா எழுதியிருக்கா?" என்றார் சத்தார்.

ஹஸன் பிரித்தான். சீட்டின் நடுவில், அச்சு மாதிரிக் கையெழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது.

'உன் சொந்த நடையில் கூறுக.'

ஹஸன் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் கோடுகள் மட்டும்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மா குக்கர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படி" என்றார் சத்தார்.

வேறு வழியில்லை. ஹஸன் சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தான்.

ஹஸன் இரண்டு மாதமாகக் காலேஜுக்குப் போகவில்லை என்று படித்தான். காலையில் ஏழு மணிக்கு டிபன் டப்பாவோடு பஸ் ஏறுகிறான், வேலூரில் இறங்குகிறான், ஆனால் காலேஜ் பஸ் ஏறுவதில்லை. உடம்பு சரியில்லாததால்.

டங், டங்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று திருத்திப் படித்தான். சில நாள் கோட்டைப் பூங்காவில் உட்காருகிறான். சில நாள் அமிர்தி மிருகக்காட்சிசாலைக்குப் போகிறான். அங்கே ஒரு முதலை இருக்கிறது. அது அசைவதே இல்லை. அதன் எதிரில் உட்கார்ந்து டிபனைச் சாப்பிடுகிறான். சாயங்காலம் எல்லாரையும் போல வீட்டுக்கு வருகிறான்.

டங். ஒன்று.

சத்தார் டீயைத் தொடவில்லை. ஹஸன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காலேஜில் எல்லாம் இங்கிலீஷில் நடத்துகிறார்கள். ஹஸன் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் வருடம் எழுதிப்போட்டதை மனப்பாடம் செய்து ஓட்டினான். இரண்டாம் வருடம் புதுசாக ஒரு சார் வந்தார். எழுப்பி விட்டு, பேசிஃபிகேஷன் எதற்குச் செய்கிறோம் என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வியே புரியவில்லை. 'யெஸ் சார்' என்றான். அவர் திரும்பக் கேட்டார். திரும்பவும் 'யெஸ் சார்' என்றான். கிளாஸ் முழுக்கச் சிரித்தது. மறுநாளிலிருந்து எல்லாரும் அவனை யெஸ் சார் என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரம் போனான். அப்புறம்...

"அப்புறம் எனக்குப் போக முடியலப்பா" என்றான் ஹஸன்.

'அவன்' என்று படித்துக்கொண்டிருந்தது எப்போது 'நான்' ஆயிற்று என்பது அவனுக்கே தெரியவில்லை. கையை இறக்காமல் தொடர்ந்தான். "நாளைக்கு உங்கள கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. வரலன்னா இந்த செமஸ்டர் போயிடும். உங்ககிட்ட சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மா சொல்லிடுவாங்கன்னு இருந்துட்டேன். எப்பவும் அவங்கதான சொல்லுவாங்க. இவ்ளோதான்."

மூடியிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

"குடு" என்று சத்தார் கையை நீட்டினார்.

ஹஸன் சீட்டைக் கொடுத்தான். சத்தார் அதைத் தொடைமேல் வைத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். நாலு நொடி ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று.

"நாலு வார்த்ததான் இருக்கு" என்றார்.

"ஜீ."

"நீ கால் மணி நேரம் படிச்ச."

"ஜீ."

"தமிழு அவ்ளோ சுருக்கமா?"

"இல்லப்பா."

"இன்னாதான் எழுதியிருக்கா?"

"உன் வாயாலயே சொல்லுன்னு."

சத்தார் மனைவியைப் பார்த்தார். டீச்சர் பதில் பார்வை பார்த்தார், நாலாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பது போல. சத்தார் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு உண்ணி கடிச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ரெண்டு மாசம். தினம் எதிர்ல உக்காந்துதான் சாப்ட்ட."

ஹஸன் எண் விழப் போகிறது என்று காத்திருந்தான். சத்தார் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"முதலைய எத்தன தடவ பாத்த?"

"பதினோரு தடவ."

"அசஞ்சுதா?"

"ஒரு தடவ."

சத்தார் அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, பேசிஃபிகேஷன் என்று அந்த சார் கேட்டது சோடா போடுவதைத்தானே என்றார். தண்ணியில் ஊறுகிற தோலுக்குள் குரோம் இறங்கின பிறகு, சோடா போட்டால்தான் அது தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். தோல் ஊறுகிற டிரம்மை ஓட்டுகிறவனுக்குக்கூட அது தெரியும்.

ஹஸனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக அவன் தப்பித்து ஓடிய கேள்விக்குப் பதில் ஒன்றரை முழ தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"தோல் வாங்க வெளிநாட்டு பையர் வந்தா மீட்டிங்ல நானும் யெஸ் சார்தான்" என்றார் சத்தார். "இருவத்திரண்டு வருஷமா."

"யாரும் சிரிக்க மாட்டாங்களா?"

"அவனும் யெஸ் யெஸ்னுதான் சொல்றான்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆனா நான் மறுநாள் வேலைக்குப் போயிடுவேன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டார், யாரும் நினைவூட்டாமல். ராத்திரிச் சாப்பாட்டில் மகன் பக்கம் அவர் திரும்பவில்லை. ஹஸன் சரியாகச் சாப்பிடவுமில்லை. படுக்கப் போகும்போது வாசற்படியில் நின்று, "ஏழு மணி பஸ்ஸா?" என்று கேட்டார்.

"ஜீ" என்றான் ஹஸன். பிறகு, போதாது என்று தோன்றி, "ஆறே முக்காலுக்குப் போனா சீட் கெடைக்கும்பா" என்றான்.

வியாழக்கிழமை பிரிசில்லா மேடம் சத்தாரை மேலும் கீழும் பார்த்தார். தாடி, தொப்பி, களையான முகம். "நீங்க நெஜ அப்பாதானே?" என்றார். சத்தாருக்குக் கேள்வி விளங்கவில்லை. ஹஸனுக்கு விளங்கியது. மேடம் இருவருடைய மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியடைந்து, ஃபைலைத் திறந்து இங்கிலீஷில் ஆரம்பித்தார். வருகைப்பதிவு, விதிமுறை, சதவீதம். சத்தார் முதுகை நிமிர்த்திக்கொண்டு, இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு, "யெஸ் மேடம்" என்றார். மேடம் மேலே படித்துக்கொண்டே போனார். "யெஸ் மேடம்" என்றார் மறுபடியும்.

ஹஸன் அப்பாவைப் பக்கவாட்டில் பார்த்தான். நெற்றி வேர்த்திருந்தது. அப்பாவுக்கு வேர்த்து அவன் பார்த்ததில்லை, டேனரிக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில்கூட.

"மேடம்" என்றான். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "தமிழ்ல சொல்லுங்க மேடம். ரெண்டு பேருக்கும் புரியல."

பக்கத்து மேஜையில் இருந்த, பேசிஃபிகேஷன் கேட்ட சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பிரிசில்லா மேடம் ஃபைலை மூடி வைத்து, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிஷத்தில் விஷயம் முடிந்தது. மன்னிப்புக் கடிதம், அபராதம், இனி ஒரு நாளும் லீவ் கிடையாது. இரண்டு பேப்பரில் பரீட்சை எழுத விட முடியாது, அடுத்த முறைதான். மற்றதை எழுதலாம். சத்தார் கடிதத்தில் உருதுவில் கையெழுத்துப் போட்டார். வலமிருந்து இடமாக அது நகர்வதை மேடம் ஆர்வமாகப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டியதும், அந்த சமீருல்லா யார் என்று சத்தார் கேட்டார். மேடம் கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டிருந்தார். ஹஸன் முழுக் கதையையும் சொன்னான். சத்தார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் மாதனூர் தாண்டும் வரை குலுங்கிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து நாள் முடிந்தது. மெல்லப் பேசலாம் என்று டாக்டர் போனில் அனுமதி கொடுத்துவிட்டார். அன்று மத்தியானம் அம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் போனில் பேசியதை ஹஸனுடைய தோஸ்த் முஜாஹித் வாசலில் நின்றே கேட்டிருக்கிறான். குரல் முன்னைவிட நன்றாக இருந்ததாம்.

சாயங்காலம் ஹஸன் காலேஜிலிருந்து வந்து, கை கால் கழுவி, விரிப்பில் உட்கார்ந்தான். எதிரில் சத்தார். தட்டு வந்தது. சத்தாருக்குப் பழைய நிம்மதி திரும்பியிருந்தது. வீட்டில் குரல் வந்துவிட்டது, இனி எல்லாம் தன் வழியில் போகும். சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இன்னிக்கி கிளாஸ்ல இன்னா நடத்துனாங்கன்னு அவனக் கேளு."

அம்மா தொண்டையைச் செருமிக்கொள்வது தெளிவாகக் கேட்டது. பிறகு குக்கர் மூடியில் கரண்டி விழுந்தது.

டங், டங்.

சத்தார் தட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பார்க்க வேறொன்றும் மிச்சமில்லாததால் கடைசியில் மகனைப் பார்த்தார்.

"இன்னா நடத்துனாங்க?"

"தோலுக்குக் கொழுப்பு ஏத்தறதப்பா" என்றான் ஹஸன். "பாதிதான் புரிஞ்சுது."

"எந்தப் பாதி?"

ஹஸன் சொல்ல ஆரம்பித்தான். குழம்பு வேண்டுமா என்று இடையில் ஒருமுறை சத்தார் கேட்டார், நேராக. வேண்டும் என்றான்.